பள்ளி டப்பாவுக்குப் பொட்டுக்கடலை உருண்டை: பாகுப் பதம் குறித்து உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் வகுப்பில் ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருப்பதால், கடலை மிட்டாய், கடலை உருண்டை போன்றவற்றைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டிருக்கிறார், நியாயமான வேண்டுகோள்தான். ஆகவே பொட்டுக்கடலை மாவில் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறேன். பொடித்த வெல்லத்தையும் உருக்கிய நெய்யையும் கலந்து மாலாடு போலப் பிடித்தால், சுவையில் குறையில்லை என்றாலும், புத்தகப்பையின் குலுக்கலில் இடைவேளைக்குள் உதிர்ந்துவிடுகிறது. நெய்யைக் கூட்டினாலோ, வெயிலில் கசிந்து டப்பாவெல்லாம் பிசுபிசுக்கிறது. பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கிப் பிடித்தபோது, பொரிவிளங்காய் உருண்டையைப் போல இறுகிவிட்டது. பால்பற்கள் ஆடும் வயதில் அதைக் கடிக்கச் சொல்வது கொடுமை.

உதிராமலும் இறுகாமலும் இருக்கப் பாகை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், ஒரு கோப்பை மாவுக்கு எவ்வளவு வெல்லம் சரியாக இருக்கும், பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்தால் பாகே இல்லாமல் பிடிக்க முடியுமா என்பவற்றைச் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எள்ளும் முந்திரியும்கூடச் சிலருக்கு ஒவ்வாது என்பதால், அவை சேராத செய்முறையாக இருந்தால் நல்லது. மணத்துக்குச் சுக்கும் ஏலக்காயும் போதும்.