முதுகுத்தண்டு ஸ்டிமுலேட்டர் செட்டிங்: 90 நாள் குறிப்பு கையில் இருக்கிறது, வழி தெரியவில்லை

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகும் இடது கால் வலி போகாததால், 14 மாதத்துக்கு முன் சென்னையில் ஸ்டிமுலேட்டர் (தண்டுவடத்துக்கு லேசான மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி) பொருத்தினார்கள். ரீசார்ஜ் வகை, 16 எலக்ட்ரோடு (மின்துடிப்பு வெளிவரும் முனை). தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இல்லாதது. எட்டு மாதம் நன்றாக இருந்தார், கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடந்தார். இப்போது உட்கார்ந்தால் வலி, மல்லாந்து படுத்தால் காலில் ஷாக் அடிக்கிற மாதிரி. படுக்கும்போது தண்டுவடம் எலக்ட்ரோடு பக்கம் நெருங்குவதால் அப்படி என்கிறார் டாக்டர்.

எக்ஸ்ரேயில் பார்த்தால் எலக்ட்ரோடு இருக்கும் கம்பி நகரவில்லை. மூன்று முறை ரீபுரோகிராம் செய்தாயிற்று: 40, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை துடிப்பு), பல்ஸ் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 200லிருந்து 450 மைக்ரோசெகண்ட் வரை. எதுவும் இரண்டு வாரம் தாங்கவில்லை.

நான் டேட்டா வேலை பார்ப்பவள். வலி எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி, எந்த புரோகிராம் என்று அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்த 90 நாள் குறிப்பை ரேண்டம் ஃபாரஸ்ட்டில் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மெஷின் லேர்னிங் முறை) போட்டேன். பழைய நாட்களை ஒப்பிக்கிறது, புது நாளுக்குத் தேறவில்லை. செட்டிங்கை நாங்களாகத் தொட மாட்டோம். டாக்டரிடம்தான் கொண்டுபோவோம், அவரும் பார்க்கத் தயார்.

ஒரே ஆளின் இவ்வளவு குறைந்த டேட்டாவை வைத்து, அடுத்துச் சோதிக்க வேண்டிய செட்டிங்கைத் தேர்ந்தெடுக்க பேய்சியன் ஆப்டிமைசேஷன் (இதுவரை கிடைத்த முடிவுகளை வைத்து, அடுத்து எதைச் சோதிக்கலாம் என்று கணிக்கும் முறை) சரிவருமா?