சொகுசு செடான்: கடனில் வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா?

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நானும் என் தம்பியும் கூட்டாளிகளாகப் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடம் நடத்தி வருகிறோம். இப்போது ஓடும் காருக்கு ஒன்பது வயதாகி, ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டதால் புதிய கார் எடுத்தே ஆக வேண்டும். மாதம் இரண்டு முறை சென்னை போய் வருகிறேன். போக வர ஆயிரம் கிலோமீட்டர். உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் வரும். அம்மாவுக்கு 76 வயது. முழங்கால் வலியோடு பின்னிருக்கையில் வருபவர். ஆகவே பின்னால் கால் நீட்ட இடம் தரும் மெர்சிடிஸ் இ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் ஆகிய இரண்டைத்தான் பார்த்திருக்கிறோம். இரண்டுமே இப்போது நீளமான வீல்பேஸோடு வருகின்றன.

நாங்கள் பார்க்கும் வகை எக்ஸ்-ஷோரூம் விலையில் 80 லட்சத்தை ஒட்டி வருகிறது. கடனில் வாங்கினால் 70 லட்சம் வரை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். மாதத் தவணை சுமார் 1,45,300 ரூபாய். லீஸ் நிறுவனம் ஒன்று 48 மாதங்களுக்கு, சாலை வரியையும் அடக்கி, மாதம் 1,40,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் கேட்கிறது. ஓட்ட வரம்பு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 80,000 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். "முன்பணம் கிடையாது, வாடகை முழுவதையும் செலவில் எழுதிக்கொள்ளலாம், நான்கு வருடம் கழித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த காரை எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார் அவர்களுடைய அலுவலர்.

தம்பி லீஸ் பக்கம் சாய்கிறான். இதுவரை எந்தக் காரையும் எட்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வைத்திருக்காத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பழக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்லி இவ்வளவு பெரிய தொகையை முடிவு செய்யக் கூடாது என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

---

பேரேடு (ஈரோடு) எழுதியது:

ஐயா, நான் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவன். உங்கள் கேள்வியில் எல்லோரும் கவனிக்கத் தவறும் இடம் "அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்" என்ற சொற்கள்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத வரியும் 20 சதவீத செஸ்ஸுமாக 48 இருந்தது. காரை வாடகைக்கு விட்டாலும், அந்தக் காரை விற்றால் என்ன விகிதமோ அதே விகிதம்தான் வாடகைக்கும். ஆகவே உங்கள் 1,40,000 ரூபாய் வாடகை மீது 56,000 ரூபாய் வரி சேர்ந்து, மாதம் 1,96,000 ஆகிறது. 48 மாதங்களில் வரி மட்டும் 26.88 லட்சம். அதே காரை நீங்கள் விலைக்கு வாங்கினால், 80 லட்சத்துக்குள் அடங்கியிருக்கும் ஜி.எஸ்.டி. 22.86 லட்சம்தான். அதாவது நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திருப்பித் தரும் காருக்கு, அதைச் சொந்தமாக்கிக்கொள்பவரை விட நான்கு லட்சம் அதிகமாக ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்கள்.

இது எப்படி என்று தோன்றும். வாடகைக்குள் காரின் மதிப்புக் குறைவு மட்டுமின்றி, அவர்கள் முன்கூட்டிக் கட்டிய சாலை வரி, அவர்களுடைய வட்டி, லாபம் எல்லாம் கலந்திருக்கின்றன. அத்தனை மீதும் 40 சதவீதம் ஏறுகிறது. வங்கிக் கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி மீது ஜி.எஸ்.டி. கிடையாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம் என்பதால், உங்கள் காருக்கு அது 16 லட்சம். லீஸில் அந்த வரியின் மீதும் ஒரு வரி விழுகிறது. மேலும், 13 பேருக்கு மேல் போகாத பயணிகள் வாகனத்தை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், வண்டித் தொழில் செய்பவர் நீங்கலாக மற்றவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. எனவே "ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி வருமான வரி. அலுவலர் சொன்னது இங்கே உண்மை. வாடகை முழுவதையும் செலவில் எழுதலாம். கூட்டாண்மை நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம் என்று வைத்தால், 94.08 லட்சம் வாடகைக்கு 29.35 லட்சம் வரி மிச்சமாகி, லீஸின் நிகரச் செலவு 64.7 லட்சமாக நிற்கும்.

வாங்கினால், காரின் மதிப்புக் குறைவைச் செலவாக எழுதும் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம், குறைந்துவரும் மதிப்பின் மேல். சாலை வரியோடு 96 லட்சத்துக்கு நான்கு ஆண்டுகளில் 45.9 லட்சம். அதே காலத்து வட்டி 16.4 லட்சம். இரண்டுக்கும் கிடைக்கும் வரி மிச்சம் 19.4 லட்சம். ஆக, 96-உம் 16.4-உம் கூட்டி இதைக் கழித்தால் 93 லட்சத்தை ஒட்டி வரும். ஆனால் இங்கே கார் உங்கள் கையில் இருக்கிறது. நான்கு ஆண்டு முடிவில் அது 28.2 லட்சத்துக்கு மேல் போனால் வாங்கியது லாபம், கீழே போனால் லீஸ் லாபம். நீங்கள் முதலில் போடும் 26 லட்சத்துக்கு வைப்புநிதி வட்டியையும் வரி போகக் கூட்டிக்கொண்டால் அந்த எல்லை 33 லட்சத்துக்கு ஏறும். காப்பீடு இரண்டு வழியிலும் உங்கள் தலையில்தான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. வாங்கும்போது விற்பவர் முன்கூட்டிப் பிடிக்கும் ஒரு சதவீத வருமான வரியை (டி.சி.எஸ்.) ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எல்லை 33 என்று பார்த்தால், நான்கு ஆண்டு ஓடிய கார் அதற்கு மேல் போகுமா, கீழே போகுமா என்று இன்றே உறுதியாகச் சொல்ல முடியாததால், தராசு ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். நான்கு ஆண்டுகளில் 1,20,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், வரம்பு 80,000. மீதி 40,000 கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வீதம் 8 லட்சம், அதற்கும் ஜி.எஸ்.டி. கேட்பார்கள். அதோடு, வாங்கிய காருக்கு நான்கு ஆண்டுகள் கழித்தும் ஏட்டில் 50 லட்சம் மதிப்பு மிச்சம் நிற்கும். அதன் மேல் தொடர்ந்து தேய்மானம் எழுதலாம். இவ்விரண்டும் சேர்ந்து கணக்கை வாங்கும் பக்கம் திருப்புகின்றன.

வாங்குவதென்றால் அக்டோபர் பிறப்பதற்கு முன் காரைப் பதிந்து ஓட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடினால் முதல் ஆண்டுத் தேய்மானம் பாதிதான் கிடைக்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஓட்டம் போன்ற சொந்த உபயோகத்துக்கு உரிய பங்கை வரி அதிகாரி இரண்டு வழியிலும் செலவாக ஏற்காமல் நீக்கலாம் என்பதால், பயணக் குறிப்பேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். புதுச்சேரி முகவரியில் பதிந்து சாலை வரியைக் குறைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். காரைத் தினமும் கோவையில் ஓட்டுகிறவர் வரியை இங்கேதான் கட்ட வேண்டும்.

---

அடையாறுக்காரன் (சென்னை) எழுதியது:

நான் இதே போன்ற ஒரு செடானை மூன்று ஆண்டுகள் லீஸில் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன். மேலே உள்ள கணக்கில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

திருப்பித் தரும் நாளில் பரிசோதகர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். கையில் ஒரு டார்ச், டயர் பட்டனின் ஆழம் பார்க்கும் சிறு கருவி, அச்சடித்த படிவம். பின்பக்க இடது சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடைமேடைக் கல்லில் உரசிய அலாய் விளிம்பின் மீது கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கே தடுக்கியதோ அங்கே ஒரு குறி. நான்கு சக்கரங்களில் மூன்றில் குறி விழுந்தது. பின்னிருக்கையின் வெளிர் நிறத் தோலில் என் மகள் பேனாவால் இழுத்த விரலளவுக் கோடு ஒன்று இருந்தது. அதற்கு இருக்கையுறையையே மாற்றும் செலவு எழுதப்பட்டது. ஒன்றரை மணி நேரத்தில் என் டெபாசிட்டில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் "நியாயமான தேய்வு ஏற்கப்படும்" என்ற வரி இருந்தது உண்மைதான், ஆனால் எது நியாயம் என்று ஓரிடத்திலும் அளவு சொல்லப்படவில்லை, நானும் கையெழுத்திடும்போது கேட்கவில்லை.

ஆகவே லீஸ்தான் என்று முடிவானால், எத்தனை மில்லிமீட்டர் கீறல் வரை பரவாயில்லை, டயர் பட்டன் எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும், இடையில் முடித்துக்கொண்டால் எத்தனை மாத வாடகை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கும் என்றும் கேளுங்கள். அவர்கள் பெயரில் இருந்தால், நீங்கள் ஆண்டுக்கணக்கில் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்கள் அடுத்த காருக்கு வராது. அது காப்பீட்டுக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை போகக்கூடிய தள்ளுபடி. இந்த விலைக் காரில் சிறிய தொகை அல்ல.

நான் லீஸைக் குறை சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் மறுவிற்பனை பற்றிய கவலை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கார் மாற்றுகிறவர்களுக்கும் ஓட்டம் குறைவாக உள்ளவர்களுக்கும் அது பொருந்தும்.

---

ஓஎம்ஆர்_வாசி (சென்னை) எழுதியது:

நான் மாதச் சம்பளக்காரி. நிறுவனம் லீஸ் எடுத்துக் கொடுத்த காரை ஓட்டுகிறேன். வாடகையைச் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே கழித்து, எனக்குக் கிடைக்கும் சலுகைக்கு விதிகளில் சொல்லப்பட்ட ஒரு சிறு மதிப்பை மட்டும் வருமானத்தில் சேர்க்கிறார்கள் என்பதால்தான் அது எனக்குக் கட்டுப்படியாகிறது. லீஸ் மலிவு என்று உங்கள் தம்பியிடம் சொல்லும் நண்பர்கள் பெரும்பாலும் இந்த வகையினராக இருப்பார்கள். உங்களைப் போன்ற தொழில் முனைவோரின் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. எங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: வேலை மாறினால் காரின் லீஸ் கணக்கை உடனே தீர்க்க வேண்டியிருக்கும்.

---

பின்னலாடை (திருப்பூர்) எழுதியது:

ஐயா, பழைய இ-கிளாஸ் ஒன்றை ஒன்பதாவது ஆண்டாக வைத்திருக்கிறேன். நீண்ட காலம் வைத்திருப்பதன் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் சர்வீஸ், டயர் தவிரப் பெரிய செலவு இல்லை. ஆறாம் ஆண்டு முதல் ஏசி கம்ப்ரசர், சஸ்பென்ஷன் புஷ்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சாதாரணக் காரின் பல மடங்கு. நான்காம் ஆண்டிலிருந்தே மாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வந்ததால் தாங்க முடிந்தது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி எத்தனை ஆண்டு வரை தருகிறார்கள் என்பதை விலைக்குச் சமமாகப் பேரம் பேசுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு கம்பெனிகளுக்கும் இந்தியாவில் சொந்த நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. கடைசியில் ஒரு பெரிய தொகையை மட்டும் பாக்கி வைத்து மாதத் தவணையைக் குறைக்கும் பலூன் கடனை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் விலையையும் முன்கூட்டியே எழுதித் தந்தால் தம்பி கேட்கும் வசதியும் கிடைக்கும், வட்டி மீது ஜி.எஸ்.டி.யும் ஏறாது. கார் உங்கள் தொழிற்கூடத்தின் பெயரிலேயே பதிவாகி, கடன் கொடுத்தவர் பெயர் ஆர்.சி.யில் குறிக்கப்படும், கடன் தீர்ந்ததும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி அதை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தவணைக்கான பணத்தை ஐந்தாம் ஆண்டில் எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் மறுகடன் வாங்கித் திணறியவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

---

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேரேடு ஐயாவின் கணக்கைத் தாளில் எடுத்து எழுதித் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். வாடகை மீதான வரி, விலைக்குள் இருக்கும் வரியைத் தாண்டிப் போகிறது என்ற இடத்தில் அவனும் பேசாமல் இருந்துவிட்டான்.

லீஸ் நிறுவனத்திடம் ஓட்ட வரம்பை 1,20,000 ஆக உயர்த்திக் கேட்டோம். ஜி.எஸ்.டி.யோடு மாதம் 2,14,000 ஆகும் என்றார்கள். கூடுதல் 18,000 ரூபாய் 48 மாதங்களுக்கு 8.64 லட்சம், வரம்பைத் தாண்டி ஓட்டிவிட்டு ஜி.எஸ்.டி.யோடு கட்ட வேண்டிய 11.2 லட்சத்தை விட இது குறைவு என்றாலும், இதுவும் சிறிய தொகை அல்ல. தேய்வுக்கான அளவுகளை எழுத்தில் தரும்படி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எனவே வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். வங்கியின் சாதாரணக் கடனா, பலூன் கடனா என்பதை எங்கள் ஆடிட்டரோடு பேசி இந்த வாரம் தீர்மானிப்போம். செப்டம்பர் இறுதிக்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்றும் டீலரிடம் சொல்லிவிட்டோம். எட்டு ஆண்டுகள் வைத்திருப்பது உறுதி என்பதால், நான்காம் ஆண்டிலிருந்து பழுதுக்கென்று தனிக் கணக்கு தொடங்கத் தம்பியே முன்வந்திருக்கிறான்.

இரண்டில் எந்தக் கார் என்பது மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வீட்டு வாசலுக்கு வரவழைத்திருக்கிறோம். எதில் அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறாரோ, அதற்கு முன்பணம் கொடுப்பதாக இருக்கிறோம்.