இணையரோட இன்னொரு உறவைப் பார்த்து சந்தோஷப்பட முடியுமா?

கேள்வி: திருவான்மியூர்_காத்து
ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்ட பாலியமரிதான் (எல்லார் சம்மதத்தோடயும் ஒண்ணுக்கு மேல காதல் உறவு), ஒளிவுமறைவு இல்ல. ஆனா அவர் சனிக்கிழமை இன்னொருத்தரைப் பார்க்கக் கிளம்பினா வயித்தைப் பிசையுது. பொறாமைக்குப் பதிலா சந்தோஷம், 'கம்பர்ஷன்'னு சொல்றாங்களே, அதைப் பழக வழி இருக்கா? 'பாசிட்டிவா யோசிங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க.

முதிதை:
அந்தப் 'பதிலா'வை முதல்ல எடுத்துடுங்க. ரெண்டும் ஒரே சாயங்காலத்துல சேர்ந்தே வரும். கம்பர்ஷன், சான் பிரான்சிஸ்கோவுல கூடி வாழ்ந்த கெரிஸ்டா கம்யூன்ங்கற குழுவுல புழக்கத்துக்கு வந்த சொல். (அந்தக் கம்யூனே 1991ல கலைஞ்சுபோச்சு.) பௌத்தத்துல முதிதைன்னு ஒண்ணு உண்டு, அடுத்தவர் நல்லா இருக்கறதுல மகிழறது. காதலுக்காகச் சொன்னது இல்லதான். ஆனா முதிதை வர்ற அதே நாலு குணப் பட்டியல்லயே உபேட்சையும் இருக்கு, அதாவது சமநிலை. முதல் ஆறு மாசம் அது வந்தாலே போதும்.

பிசையறது எதுன்னு பிரிச்சுப் பாருங்க: விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயமா, அந்த ஆளோட ஒப்பிட்டுக்கறதா, இல்ல உங்களுக்கான நேரம் நிஜமாவே குறையுதா? மூணாவது பொறாமையே இல்ல, நியாயமான குறை. அதுக்கு மருந்து காலண்டர். ஒவ்வொரு தடவையும் போன்ல ரெண்டு வரி எழுதுங்க: என்ன நடந்தது, நீங்களா என்ன கற்பனை பண்ணினீங்க. நாலஞ்சு தடவையில எதுன்னு பிடிபடும்.

அடையாறு_ஆலமரம்:
நடைமுறைக்கு வருவோம். அவர் கிளம்பற நேரத்துல கனமான பேச்சு வேண்டாம். 'சேர்ந்துட்டேன்', 'கிளம்பிட்டேன்'னு ரெண்டே மெசேஜ். அன்னிக்கு உங்களுக்கும் வெளியில ஏதாவது வேலை வெச்சுக்கங்க, வீட்ல உட்கார்ந்து மணி பார்த்தா கெட்டது. திரும்பி வந்த ராத்திரி விசாரணை கூடாது, மறுநாள் அரை மணி நேரம் பேசுங்க. படுக்கையறை விவரம் கேக்காதீங்க, மூணாவது ஆளுக்கும் அந்தரங்கம் உண்டு. அந்த ஆளை நேர்ல பார்க்கணும்னா எலியட்ஸ் பீச்ல ஒரு டீ, முக்கால் மணி நேரம், அவரவர் வண்டியில.

எங்க கெடும்னா, சந்தோஷமா இருக்கற மாதிரி நடிக்கறதுல. 'உனக்கு இன்னும் பக்குவம் வரல'ன்னு இணையர் இதையே ஆயுதமாக்கினா இன்னும் மோசம்.

ஆணுறை, டெஸ்ட் பத்தின ஒப்பந்தம் தெளிவா இருந்தாலே பாதி பயம் போகும். ரத்த நாளத்துல ரத்தம் எடுத்து லேப்ல பண்ற நாலாம் தலைமுறை எச்ஐவி பரிசோதனைக்கு (ஆன்டிஜென், ஆன்டிபாடி ரெண்டையும் தேடறது) உறவுக்கு அப்புறம் 45 நாள் காத்திருக்கணும், விரல் நுனி ஆன்டிபாடி கிட்னா 90 நாள். அரசு மருத்துவமனை ஐசிடிசில (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசம்.

மருதநிலம்:
ரெண்டு சின்ன சேர்க்கை. பிறன்மனை உறவைக் குற்றமாக்கின இந்திய தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர்ல நீக்கிடுச்சு. ஆனா கல்யாணம் ஆனவங்களுக்கு வெளி உறவு இன்னமும் விவாகரத்துக் காரணம்.

அப்புறம், மருதத் திணையிலயே இது இருக்கேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க. அங்க தலைவனுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, தலைவிக்கு ஊடல்தான் மிச்சம்.

திருவான்மியூர்_காத்து:
மூணாவதுதான் போல. ஞாயித்துக்கிழமைகள் ரத்தாகிட்டே இருக்கு. காலண்டரை எடுக்கறேன்.