இரண்டாவது சேனல் ஏன் கூவுகிறது?

(நானே வயரிங் செய்த, இரண்டு சேனல் கொண்ட வால்வு கிட்டார் ஆம்ப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில் சனிக்கிழமை இரவு நடந்த உரையாடல்)

நான்: ஆம்ப் உயிர் பெற்றுவிட்டது! முதல் சேனல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது சேனலில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) 6க்கு மேல் திருப்பினால் ‘கீ...’ என்று கூவுகிறது. கிட்டாரைக் கழற்றிய பிறகும் நிற்கவில்லை.

அக்கா: ஒரு குரல் பதிவு போடுடா.

நான்: 🎤 0:14

அம்மா: இது என்ன சத்தம்! முதலில் அதை நிறுத்து.

பெரியப்பா: நிறுத்து தம்பி. ஸ்பீக்கரைக் கழற்றாதே. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். நிறுத்திய பிறகு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சொல்.

நான்: 2 நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் 90 வோல்ட் காட்டுகிறது பெரியப்பா.

பெரியப்பா: அதற்குத்தான் கேட்டேன். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கிளிப் வயரில் மாட்டி மெதுவாக வெளியேற்று. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடாதே. பிறகு அந்தக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடு. நிறுத்தியதும் தானாக வடிந்துவிடும்.

அம்மா: அண்ணா, இவன் தனியாகத்தான் செய்கிறான். பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: நான் இருக்கிறேன் அம்மா. தம்பி, மின்சாரம் இருக்கும்போது அளந்தால் மீட்டரின் கறுப்பு வயரைச் சேஸியில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். ஒரு கை மட்டும்தான் உள்ளே போக வேண்டும்.

நான்: சரி பெரியப்பா. இரண்டாவது சேனலின் வால்வை மாற்றிப் பார்க்கட்டுமா? புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்குமோ?

பெரியப்பா: எதையும் வாங்காதே. இரண்டு சேனலும் எங்கே சேர்கின்றன?

நான்: சிக்னலை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தலைகீழாக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு முன்னால். அதற்குப் பிறகு எல்லாம் பொது. பவர் சப்ளையும் ஒன்றுதான்.

பெரியப்பா: அப்படியானால் முதல் சேனலே பாதி வேலையை முடித்துவிட்டது. அது சுத்தமாகப் பாடுகிறது என்றால் பவர் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், சப்ளை எல்லாம் நலம். கோளாறு சேர்கிற இடத்துக்கு இந்தப் பக்கம். இரண்டு சேனலிலும் ஒரே ரக வால்வுதானே? அவற்றை இடம் மாற்றிப் போடு.

நான்: மாற்றினேன். கூவல் வால்வோடு வரவில்லை. இரண்டாவது சேனலிலேயே இருக்கிறது.

பெரியப்பா: வால்வு நிரபராதி. இப்போது கெயினைப் பூஜ்யத்தில் வைத்து அளந்து பார். கூவும்போது எடுக்கும் அளவை நம்ப முடியாது.

நான்: 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதி: பிளேட் (சிக்னல் வெளிவரும் கால்) 190 வோல்ட், கேத்தோடு (எலெக்ட்ரான் கிளம்பும் கால்) 1.5. இரண்டாம் பாதி: பிளேட் 185, கேத்தோடு 1.6. அந்த இடத்தில் சப்ளை 290.

பெரியப்பா: 290இல் 190 போனால் 100. பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோஓம், அதனால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது. அதே மின்னோட்டம் கீழே கேத்தோடு ரெசிஸ்டரான 1.5 கிலோஓமில் 1.5 வோல்ட் தருகிறது. கணக்கு நேர். பாகங்களில் குறை இல்லை, வயர் ஓட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

அக்கா: ஒன்று கேட்கட்டுமா? கூவும்போது மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால் சுருதி மாறுகிறதா, இல்லை சத்தம் மட்டும் குறைகிறதா?

நான்: சத்தம் மட்டும்தான் குறைகிறது. சுருதி அப்படியே நிற்கிறது. தொடங்குகிற இடமும் அதே 6தான்.

பெரியப்பா: அருமையான கேள்வி மகளே! கூவல் மாஸ்டரையும் சுற்றி வந்தால், அதைத் திருப்பும்போது தொடங்குகிற இடம் நகர்ந்திருக்கும். நகரவில்லை என்றால் சுற்று மாஸ்டருக்கு முன்னாலேயே முடிகிறது.

ஒரு வால்வு நிலை (இந்த வால்வின் ஒவ்வொரு பாதியும் ஒரு நிலை) சிக்னலைத் தலைகீழாக்கும். இரண்டாவது நிலை மறுபடி நேராக்கும். இரண்டாவதன் பிளேட்டிலிருந்து, முதலாவதில் சிக்னல் நுழையும் காலான கிரிட்டுக்குக் கொஞ்சம் கசிந்தால் போதும், அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு கூவும். அந்த இரண்டு வயரும் எப்படிப் போகின்றன? படம் அனுப்பு.

நான்: 📷

பெரியப்பா: இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாயே!

நான்: பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று 6ஆம் பின்னின் பிளேட் வயரையும் 2ஆம் பின்னின் கிரிட் வயரையும் ஒரே கட்டாகக் கட்டினேன்.

பெரியப்பா: கட்டை அறுத்துவிட்டு ஆம்பைப் போடு. காய்ந்த மரக்குச்சியால் கிரிட் வயரை மட்டும் தள்ளிப் பார். உலோகம் கூடாது.

(9:47)

நான்: தள்ளத் தள்ளச் சுருதி மாறுகிறது... நான்கு விரல் தூரம் போனதும் நின்றுவிட்டது! கெயின் 10இலும் அமைதி! பக்கத்தில் கொண்டுவந்தால் மறுபடி கூவுகிறது.

அக்கா: ❤️❤️❤️

பெரியப்பா: கிரிட்டுக்கு முன்னால் வரும் 68 கிலோஓம் ரெசிஸ்டரை எங்கே வைத்திருக்கிறாய்?

நான்: இன்புட் ஜாக்கிலேயே.

பெரியப்பா: அதை வால்வு சாக்கெட்டின் 2ஆம் பின்னை ஒட்டி வை. ஜாக்கில் இருந்தால் அதற்குப் பிந்தைய நீள வயர் முழுவதும் கிரிட்டின் நீட்டமாகி, ஆண்டெனா போலப் பிடிக்கும். ஜாக்கிலிருந்து ரெசிஸ்டர் வரை ஷீல்டு (உலோக உறை சுற்றிய) வயர் போடு. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்.

(10:35)

நான்: முடிந்தது. வயரைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதே இல்லை. முழு கெயினிலும் வெறும் இரைச்சல்தான், அதுவும் இயல்பானது. ஆனால் இரண்டு சேனலுக்கும் ஒரே நேரத்தில் கிட்டாரைக் கொடுத்தால் ஒலி மெலிந்துபோகிறது. கீழ்ஸ்தாயியே இல்லை.

அக்கா: 1960களின் ஃபெண்டர் இரட்டைச் சேனல் ரிவெர்ப் (எதிரொலி) ஆம்ப்களிலும் இது உண்டு. ரிவெர்ப் சேனலில் ஒரு நிலை கூடுதல் என்பதால் இரண்டும் எதிர் ஃபேஸில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி) ஒன்றையொன்று அழிக்கும். உன்னுடையதில் எத்தனை நிலை?

நான்: முதலில் 2, இரண்டாவதில் 3. அதுதான்!

பெரியப்பா: உன் ஃபேஸ் இன்வெர்ட்டர் லாங் டெயில் வகை, இரண்டு கிரிட் கொண்டது. அதன் இரண்டாவது கிரிட் ஒரு கெப்பாசிட்டர் வழியாக எர்த்தில் சும்மா கிடக்கிறது. அந்த எர்த் முனையை எடுத்து இரண்டாவது சேனலின் மாஸ்டர் கண்ட்ரோலின் நடுக்காலில் கொடு; அந்தக் காலிலிருந்து முதல் கிரிட்டுக்குப் போகும் பழைய வயரைக் கழற்றிவிடு. அங்கே நுழைகிற சிக்னல் எதிர்ப்பக்கமாக வெளிவரும், இரண்டும் ஒத்துப்போகும். கண்ட்ரோலைப் பூஜ்யத்தில் வைத்தால் முன்போலவே எர்த். உன்னிடம் நெகட்டிவ் ஃபீட்பேக் வயர் (ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து திரும்பி வரும் வயர்) இல்லாததால் வேறு எதையும் தொட வேண்டாம்.

நான்: எத்தனை அழகான வழி பெரியப்பா! அந்தக் கிரிட்டை நான் கவனித்ததே இல்லை. நாளைக் காலையில் மாற்றிவிடுகிறேன்.

அக்கா: நான் கிட்டாரோடு வருகிறேன். காது கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

அம்மா: அந்தக் கெப்பாசிட்டர் மின்சாரம்?

நான்: 220 கிலோஓம் போட்டாயிற்று அம்மா. மீட்டரில் பார்த்துவிட்டேன், 0.