மறு: மடக்குக் கத்தியின் ‘ஸ்டாப் பின்’ – தமிழில் என்ன?

> ‘நிறுத்தூசி’ என்று வைத்துக்கொள்ளலாமே. அலகு விரிந்ததும் அதில் இடித்து நிற்கிறது, அவ்வளவுதானே?

இடித்து நிற்பது பாதி வேலைதான். ஊசி என்றால் குத்த வேண்டும், இது சுமக்கிறது.

லைனர் லாக் கத்தி (பிடிக்குள் இருக்கும் உள்தகடே அலகைப் பூட்டும் வகை) ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விரிந்த அலகின் அடிப்பகுதிக்கு ஒருபக்கம் இந்த உருண்டைக் கம்பி, மறுபக்கம் வளைந்து வந்து முட்டும் உள்தகடு. இரண்டுக்கும் நடுவே அலகு ஆப்படித்தாற்போல் இறுகி நிற்கிறது. தகடு முட்டுகிற முகத்தை ஏழெட்டு டிகிரி சாய்த்து அரைத்திருப்பார்கள். நாள்பட்டுத் தேய்ந்தாலும் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சாய்வு கூடினால் தகடு வழுக்கும். குறைந்தால் சிக்கிக்கொண்டு மடக்க விடாது. இவ்வளவு நுணுக்கமாக அரைத்தும், அந்தக் கம்பி தன் துளையில் தளர்ந்தால் போயிற்று, அலகு ஆட்டம் காணும்.

கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளுக்கு ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ‘ட்ரை-ஆட்’ பூட்டில் இது இன்னும் தெளிவு. சாதாரண முதுகுப் பூட்டில் (பிடியின் முதுகில் உள்ள நெம்புகட்டை அலகைப் பிடித்துக்கொள்ளும் வகை), மடங்கப் பார்க்கும் அலகின் விசை நெம்புகட்டையின் சுழலாணியில் போய் இறங்கும். டெம்கோ அலகுக்கும் கட்டைக்கும் இடையே தடித்த முளை ஒன்றை வைத்தார், இதுவும் ஸ்டாப் பின்தான். விசை அதன் வழியே பிடியின் இரு பக்கங்களுக்கும் போய்விடுகிறது. கட்டையில் சுழலாணி போகும் துளையையும் வேண்டுமென்றே பெரிதாக விட்டிருக்கிறார். துளை லூசாக இருந்தால் மட்டமான வேலை என்போம், இங்கே சூட்சுமமே அதுதான்: கட்டை சற்று நகர்ந்து முளைமேல் பதிந்து உட்கார அந்த இடம் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘தாங்குமுளை’. ‘தாங்காணி’ சுருக்கம்தான், ஆனால் யாராவது ‘தாங்கா ஆணி’ என்று பிரித்துப் படித்தால் கதை கந்தல்!

---

> ஆகவே என் பரிந்துரை ‘தாங்குமுளை’.

எனக்குச் சம்மதம். ஆனால் ‘நிறுத்து’ என்பதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஃப்ரேம் லாக்கில் (பிடியின் பக்கத்தகடே பூட்டாக வேலை செய்யும் வகை), மடக்குவதற்காகப் பூட்டுத்தகட்டை விரலால் தள்ளும்போது அது அளவுக்கு மீறி வெளியே வளையாமல் மறிக்க, சில கத்திகளில் சின்ன வட்டத்தட்டு ஒன்று திருகியிருக்கும். ஒருமுறை மிஞ்சி வளைந்தால் தகட்டின் விறைப்பு போய்விடும், பிறகு பூட்டை நம்ப முடியாது. அலகின் சுமை எதுவும் அதன்மேல் வராது, மறிப்பது மட்டுமே வேலை. ‘நிறுத்தி’யை அதற்குக் கொடுத்துவிடலாமா?