பொருள்: காட்சியகத்தில் நிற்கும் நகராட்சி வண்டிகளுக்கு ஒரு சொல்

லெனேசியாவிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள ஜேம்ஸ் ஹால் போக்குவரத்துக் காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம். டிராம், டிராலி பஸ், தீயணைப்பு வண்டி என்று ஒருகாலத்தில் நகராட்சி ஓட்டியவற்றை அங்கே பேணி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும். 'மரபூர்தி' சரிவருமா? வியாழக்கிழமை பயிற்சித்தாள் அச்சுக்குப் போகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அம்மா, மரபைவிட முதுமை பொருந்தும். முதுமை + ஊர் = மூதூர், முதுமை + உரை = மூதுரை. ஈறு போய் ஆதி நீளும் நன்னூல் விதிதான். அப்படியே முதுமை + ஊர்தி = மூதூர்தி. 'ஊர்தி' நேற்று வந்த சொல் அல்ல. புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்கிறது. மூதூர்திக்குள் மூதூரும் இருப்பதைப் பாருங்கள். ஊருக்கு உழைத்த வண்டி என்ற பொருள் தானாகவே வந்துவிடுகிறது. ஊர்தல் என்ற வினையும் ஊர் என்ற பெயரும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். ஊர்ந்து வந்தவர்கள் தங்கிய இடம்தானே ஊர்!

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
ஐயா, சொல் அழகுதான். நேற்று வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி 'மூதூர்... தீ' என்று பிரித்து வாசித்துவிட்டு, "தீயணைப்பு வண்டியா டீச்சர்?" என்று கேட்டாள். என் தாத்தா டர்பன் நகராட்சித் தொழிலாளி, அவர்களுக்கான மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தவர். அவருக்கு அது கார்ப்பரேஷன் வண்டி. இன்றும் ஆயா முதல் பேரப்பிள்ளை வரை எல்லோருக்கும் அதுதான் புரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
மாநகராட்சி என்ற சொல் இருக்க, கார்ப்பரேஷன் எதற்கு? டிராலி பஸ்ஸையும் 'கம்பிப் பேருந்து' என்று எழுதலாமே. மேலே கம்பியில் மின்சாரம் எடுத்துத்தானே அது ஓடியது?

டர்பனிலிருந்து:
அண்ணா, கம்பிப் பேருந்தைப் பிறகு பேசுவோம். சென்னையில் 1953 வரை ஓடியதே, அதை எல்லோரும் டிராம் என்றுதானே சொன்னார்கள்? எனக்கு உறுத்துவது 'மரபு'. யாருடைய மரபு? ஜோகன்னஸ்பர்க்கில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய 1906இலேயே, அதில் இந்தியர் ஏறலாமா என்று வழக்கு நடந்தது; காந்தி அதில் முனைந்து நின்றார். அந்த டிராமைக் காட்டி 'நம் மரபு' என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அது யாருடைய சொத்து, யார் அதை ஓட்ட வரி கட்டினார்கள், யாரை அதில் ஏறவிடவில்லை என்பதுதான் பாடம். அதனால் 'நகராட்சி' என்பது சொல்லில் கட்டாயம் வர வேண்டும்.

லெனேசியாவிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. 'பழைய நகராட்சி வண்டிகள்' என்று போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்குத்தான் சரி என்றார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அம்மா, பழைய இரும்புக்குப் போவதும் பழைய வண்டிதான். துடைத்து, எண்ணெய் போட்டு, கூரைக்கடியில் காக்கிறார்களே, அது உங்கள் சொல்லில் எங்கே?