வாதுமை இலை உதிர்ந்ததா, மேகம் மறைத்ததா?

வணக்கம். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கடலோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரங்கள் எப்போது இலை உதிர்க்கின்றன, எப்போது துளிர்க்கின்றன என்று செயற்கைக்கோள் படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) 10 மீட்டர், 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். ஆனால் நம்ம ஊர் மேகம் இருக்கிறதே! பச்சையத்தைக் காட்டும் என்டிவிஐ கோடு சட்டென்று சரிந்தால், இலை உதிர்ந்ததா மேக நிழலா என்றே பிடிபடவில்லை. போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு மரம் முழுக்கச் சிவந்து நிற்கிறது, பக்கத்து மரம் பச்சைப்பசேல். இரண்டும் ஒரே கட்டத்துக்குள்!

மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடாரில் இலை உதிர்வு தெரியுமா? யாராவது முயன்றதுண்டா?

அப்புறம், அந்தப் பக்கம் தினமும் ஓடுபவர்கள் வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் படமெடுத்து, தேதியோடு இங்கே போட முடியுமா?